டி.எம்.பி. என்று ஒரு பேர்

...படிக்க மாட்டாங்க தைமானே, அதான் சொல்றேன். எழுதி வெச்சா படிக்கவே மாட்டாங்க. இருபத்திரெண்டு வருஷம். கிளினிக்ல கம்ப்யூட்டர் வேலைக்குச் சேந்த முதல் வாரத்துல இருந்து ஒவ்வொண்ணா எழுதிட்டு வர்றேன். இந்தக் கோளாறு வந்தா இந்த ஒரு வரிய அடி. அந்தக் கோளாறு வந்தா அந்த நாலு வரிய ஓட விடு. முன்னூத்திப் பதினேழு குறிப்பு. நம்பர் போட்டு, தேதி போட்டு, எதுக்கு எழுதினேன், எங்க கை வெச்சா சுடும்னு எல்லாம் போட்டு. அப்படியும் வந்து நிப்பாங்க. நோலீன், நூறு போட்டோவுக்கு மொத்தமா பேர் மாத்தறது எப்படின்னு. குறிப்பு பன்னெண்டு. எந்த ஃபைல் இடத்த அடைச்சுட்டு உக்காந்திருக்குன்னு எப்படிப் பாக்கறது நோலீன்னு. குறிப்பு ஏழு. ஏழையும் பன்னெண்டையும் திறந்து பாக்க என்ன, மலையா ஏறணும்?

உக்காரு, நீ எதுக்கு எந்திரிக்கறே. பேசவும் பேசாதே. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் குரல் நிக்கும், பாத்து செலவு பண்ணுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல. மடியில பலகை இருக்கு, எழுது, போதும். பேசறதுக்கு நான் இருக்கேன். உன் குரல் விஷயமாத்தான் வந்தேன். அந்தப் பதிவு விஷயமா. சொல்றேன், மூச்சு விட்டுக்கறேன். மேட்டுல காரை நிறுத்திட்டுக் கதவத் திறந்தா, காத்து கதவையே புடுங்கிட்டுப் போகப் பாக்குது. போரிருவால எவன் வீடு கட்டலாம்னு சொன்னான்னு தெரியல. நீங்க கிளம்புங்க லஃபாய், பேரப் புள்ளையக் கூப்பிடப் போகணும்ல, நான் இவகூட இருக்கேன். இது என்ன, உங்க ஊர் உருண்டைப் பணியாரம், பனிகேகேவா? உன் புருஷனுக்கு இதுவேற சுட வருமா? சரி, ஒண்ணு. சூடா இருக்கறதால ஒண்ணு.

எங்க விட்டேன்... ஆங், டேரில். அவன உனக்குத் தெரியாது, நீ பதிவெல்லாம் முடிச்சுட்டுப் போனப்புறம் மார்ச்சுல வந்தான். ஆக்லாந்துக்காரன். நாப்பத்தாறு வயசு. கால்ல சைக்கிள்காரங்க போடற ஷூ, ஆபீஸ் முழுக்க டக்கு டக்குன்னு. பழைய மெஷினெல்லாம் மூடிட்டு எல்லாத்தையும் ஒரே புது மெஷினுக்கு மாத்தணும்னு மெரிடித் கூட்டிட்டு வந்தா. மேனேஜர் ஆயிட்டா ஏதாவது மாத்தணும்ல. முதல் நாளே எங்கிட்ட கேக்கறான், இங்க என்ன பதியறீங்கன்னு. குரல் கிளினிக்ல என்ன பதிவாங்க, மழையையா? பொறுமையா விளக்கினேன். நரம்பு நோய் வந்தவங்களுக்கு நாக்கு கொஞ்சம் கொஞ்சமா கட்டிடும், அதுக்கு முன்னாடி ஆயிரத்து அறுநூறு வாக்கியம் சொல்ல வெச்சுப் பதிஞ்சுக்குவோம், அத வெச்சு ஒரு கம்பெனி குரல் கட்டிக் குடுக்கும், அப்புறம் அவங்க எழுதினா மெஷின் அவங்க குரல்லயே பேசும். வேற எவளோ குரல்ல இல்ல, அவங்க குரல்லன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஓ, ஆடியோ ஃபைலா" அப்படின்னான். ஆடியோ ஃபைலாம். போட்டோவக் காட்டி இது எங்கம்மான்னா, ஓ காகிதமான்னு கேப்பான் போலருக்கு.

அவன் வேலை செய்யற அழகப் பாக்கணுமே நீ. ஒரு கட்டளை மனசுல நிக்காது. ஒண்ணு கூட. எதுன்னாலும் நெட்டுல போய், எவனோ எந்த ஊர்லயோ எழுதினதக் கிள்ளிட்டு வந்து ஒட்டுவான். ஓடுச்சுன்னா சந்தோஷம். ஓடலைன்னா வேற எவனோ எழுதினத ஒட்டுவான். ஏன் ஓடுச்சுன்னு கேட்டா தோளத் தூக்கிக் காட்டுவான். நான் ஒரு வரி எழுதினேன்னா அதுல ஒவ்வொரு புள்ளியும் எதுக்கு நிக்குதுன்னு சொல்லுவேன். காலேஜ்ல கவிதை படிக்கறப்ப ஒரு சொல்ல எடுத்தா அடி நொண்டுதான்னு பாப்போம்ல, அது மாதிரி. என் குறிப்ப அச்சடிச்சு, பிளாஸ்டிக் போட்டு, மெஷின் ரூம் கதவுல தொங்க விட்டேன். அதுக்குப் பின்னாடி எவனோ ரக்பி டீம் ஜெயிச்சா யார் பீர் வாங்கித் தரணும்னு கணக்கு எழுதி வெச்சிருக்கான். இவ்வளவுதான் என் எழுத்துக்கு மரியாதை.

என்னது? காத்து அந்த வேலிய ஆட்டுது, அவ்வளவுதான். லஃபாய்கிட்டச் சொல்லி ரெண்டு ஆணி அடிக்கச் சொல்லு.

அப்புறம் பேர் வைக்கறது. அது ஒரு கூத்து. எங்க தொழில்ல ஒரு ஃபோல்டருக்கு இங்கிலீஷ்ல டி, எம், பின்னு மூணு எழுத்து பேர் வெச்சா, டெம்பரரிங்கறதோட சுருக்கம், தற்காலிகம்னு அர்த்தம். மீனும் சிப்ஸும் சுத்திக் குடுக்கற காகிதம் மாதிரி. தின்னு முடிச்சா கசக்கி எறியறது. அந்தப் பேர்ல இருக்கற ஃபோல்டர ஒரு மாசம் யாரும் தொடலைன்னா, அத மொத்தமா அழிக்கறதுக்கு மூணே மூணு வரிக் கட்டளையில ஒரு ஸ்கிரிப்ட். குறிப்பு அம்பத்தஞ்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் தானா எந்திரிச்சு, பெருக்கிட்டு, திரும்பப் படுத்துக்கும். பதினஞ்சு வருஷமா ஒரு சத்தம் கிடையாது. ஊர் தூங்கறப்ப எந்திரிச்சு வாசல் பெருக்கிட்டுப் போறவள யாராவது ஒரு தடவை நல்லாயிருக்கியான்னு கேட்டிருக்காங்களா? அது மாதிரி. டேரில் வந்தான். இன்னிக்குச் சின்ன எழுத்துல வைப்பான், நாளைக்குப் பெரிய எழுத்துல, நாளன்னிக்கு ஒண்ணு பெருசு ரெண்டு சின்னது. வெச்சுட்டு மறந்துருவான். மெஷின் முழுக்க அவன் குப்பை. மெரிடித் என்னக் கூப்பிட்டு, இடம் நிறைஞ்சிருச்சாமே நோலீன், ஏன்னு கேக்கறா. என்னக் கேக்கறா.

மெரிடித்தப் பத்தியும் சொல்லணும். உன் பதிவு பிப்ரவரியில முடிஞ்சுது. கம்பெனிக்கு அனுப்ப ஒரு கையெழுத்து வேணும். அவ கையெழுத்துதான். பன்னெண்டு வாரமா அவ மேசையில கிடக்கு அந்தக் காகிதம். அது மேல காபிக் கோப்பை வெச்ச வட்டம் கூட இருக்கு, நான் எண்ணினேன், நாலு வட்டம். அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருந்தா இன்னிக்கு நான் இந்த மேடு ஏறி வந்திருக்கவே...

என்ன எழுதறே? ... "என் பதிவு எங்கே?" ... ம்.

இரு. இந்தத் தட்டக் கீழ வெச்சுக்கறேன்.

இல்ல தைமானே. உன் பதிவு இல்ல. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அழிஞ்சு போச்சு. ஆயிரத்து அறுநூறு வாக்கியமும். அதுக்கு மேல நீயா எழுதிட்டு வந்து சொன்னியே அந்த எழுபதும். ஒண்ணு விடாம. திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது. மூணு நாளாத் தோண்டினோம், வெளியூர்ல இருந்து ஆள் வெச்சுத் தோண்டினோம், அதுக்குள்ள அதே இடத்துல வேற ஃபைலெல்லாம் வந்து உக்காந்துருச்சு. கிடைக்காது. கிடைக்கும்னு சொல்லி உன்ன ஏமாத்த மாட்டேன். கிடைக்காது.

அப்படிப் பாக்காதே.

டேரில்தான். டேரில் மாத்தின மெஷின்தான். முந்தி என்னன்னா, ஆபீஸ் ஃபைலெல்லாம் ஒரு மெஷின்ல, உங்க குரலெல்லாம் தனியா இன்னொரு மெஷின்ல. என் ஸ்கிரிப்ட் ஆபீஸ் மெஷின்ல மட்டும்தான் பெருக்கும், குரல் இருக்கற பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. இவன் வந்து எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டாந்து வெச்சான். சமையல் ரூமையும் குப்பைத் தொட்டியையும் ஒண்ணா வெச்சா என்ன ஆகும்? மூணு வருஷ அனுபவம்னு எழுதிக் குடுத்திருக்கானாம். எதுல மூணு வருஷம்? ஒட்டறதுலயா?

எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்காதே. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி பின்னாடி இருக்கற மூச்ச வெட்டினது யாரு? நான்தான். பதினோரு வாரம் காதுல உன் குரலோட உக்காந்திருந்தேன். கம்பெனி குடுத்த வாக்கியம் எல்லாம் பைத்தியக்காரத்தனம், ஏழு வெள்ளை வாத்து ஏணியில ஏறுதுன்னு. அதையே நீ சொன்னா, நீ பஸ் ஓட்டினப்ப பின்னாடி உக்காந்து கத்தறவனுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். நீயா எழுதின எழுபதுல... "பின்கதவு சாத்தறேன், கால எடு." "கடைசி நிறுத்தம், தூங்கறவங்கள எழுப்பி விடுங்க." "லஃபாய், ஈரத்துண்ட மெத்தை மேல போடாதே." அத மூணு விதமாச் சொன்னே. மொதல்ல சாதாரணமா, அப்புறம் கோவமா, அப்புறம் சிரிச்சுட்டே. எதுக்கு மூணுன்னு கேட்டதுக்கு, மூணாவது தடவைதான் அவர் எடுப்பாருன்னே. சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ற ஜெபம். உன் சமோவாப் பேச்சு எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஆனா எங்க வெட்டணும்னு தெரிஞ்சுது. ஒவ்வொரு அடி முடிவுலயும் உன் குரல் ஒரு படி இறங்கி நிக்கும். அங்க வெட்டுவேன்.

சரி, சரி. எழுது.

"ஏன் என்னுது மட்டும்?"

...அதத்தான் மெரிடித்தும் கேட்டா. பதினாலு பேர் குரல் அந்த மெஷின்ல இருக்கு. பதிமூணு பேருது பத்திரமா இருக்கு. அது வந்து... பேர்னால. உன் பேர்னால. முழுப் பேரச் சொல்லு. சொல்லாதே சொல்லாதே, நானே சொல்றேன். தைமானே மரேத்தா பெனியமினா. இங்கிலீஷ்ல முதல் எழுத்த மட்டும் எடு. டி. எம். பி.

ஆமா.

நோயாளி பேர் வெளிய தெரியக் கூடாது, மூணு முதலெழுத்துதான் ஃபோல்டருக்கு வைக்கணும், பெரிய எழுத்துல வைக்கணும்னு ஒரு விதி. குறிப்பு நாப்பத்தொண்ணு. நல்ல விதிதான். யாரக் கேட்டாலும் நல்ல விதின்னுதான் சொல்லுவாங்க. டி.எம்.பி.ன்னு பேர் இருக்கற குப்பை ஃபோல்டர எல்லாம், எழுத்து சின்னதோ பெருசோ, பிரதி எடுத்து வெக்க வேண்டாம், இடம் வீண்னு இன்னொண்ணு. எம்பத்தெட்டு. அதனால பிரதியும் இல்ல. ரெக்கார்டர்ல இருக்கற கார்ட அன்னன்னிக்கே துடைச்சிரணும்னு ஒண்ணு, நூத்தி நாப்பது. துடைச்சாச்சு. எல்லாமே தனித்தனியாப் பாத்தா நல்ல குறிப்பு. சத்தியமாச் சொல்றேன், தனித்தனியாப் பாத்தா அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது.

ஆனா அந்த அம்பத்தஞ்சு, அது பெரிய எழுத்தப் பாக்கவே பாக்காது. பதினஞ்சு வருஷமா சின்ன எழுத்து டி.எம்.பி.யை மட்டும்தான் அழிச்சுட்டு இருந்துச்சு. உன்னுது பெரிய எழுத்து. அது பாட்டுக்கு உன்னத் தாண்டிப் போயிருக்கும்.

...போயிருக்கும்.

ஏப்ரல்ல அதுல ஒரு எழுத்து சேந்துச்சு. ஒரே ஒரு எழுத்து, இங்கிலீஷ் ஐ. கட்டளையில ஒரு சொல் இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு ஐ போட்டா, சின்னதா பெருசான்னு பாக்காது, எல்லாத்தையும் வாரிக்கும். டேரில் வெக்கற கண்டகண்ட பேரு எல்லாத்தையும் வாரணும்ல. அவனச் சொல்லித் திருத்தறதவிட ஒரு ஐ சுலபம். அந்த எழுத்து போட்டப்ப எனக்கு எவ்வளவு திருப்தியா இருந்துச்சு தெரியுமா. வரி அப்படியே நிமிந்து உக்காந்துச்சு. தேதி போட்டேன். "டேரிலுக்காக"ன்னு பக்கத்துல எழுதினேன். கிண்டலுக்கு.

அவன் என்ன பண்ணினான் கேளு. புது மெஷின்ல எதையும் ஓட விடறதுக்கு முன்னாடி என் நோட்ட எடுத்துட்டுப் போனான். முழுசும் படிச்சான். முன்னூத்திப் பதினேழும். இருபத்திரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தன் முழுசாப் படிச்சிருக்கான். படிச்சுட்டு டீ குடிக்கற நேரத்துல எல்லாரும் இருக்கறப்ப வந்து நிக்கறான். நோலீன், இந்த அம்பத்தஞ்சு இப்ப பெரிய எழுத்தையும் அழிக்குது, நோயாளி ஃபோல்டர் எல்லாம் பெரிய எழுத்துல இருக்கு, யாருக்காவது இந்த மூணு எழுத்து வந்துச்சுன்னா? மொதல்ல ஒரு தடவை பேர மட்டும் பட்டியல் போட்டுப் பாத்துட்டு அப்புறம் ஓட விடலாமான்னான்.

மரியாதையாத்தான் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எந்தத் தாய்டா தன் புள்ளைக்கு டி.எம்.பி.ன்னு பேர் வைப்பா?" அப்படின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மெரிடித்துக்கு டீ புரையேறிச்சு. படிச்சேல்ல, எழுதியிருக்கறதச் செய், நெட்டுல இருந்து ஒட்டறவன் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்னேன். அவனும் சிரிக்கப் பாத்தான். வரல. டக்கு டக்குன்னு போய், எழுதியிருந்ததச் செஞ்சான். ஒரு எழுத்து மாத்தாம.

உன் பேர நான் நூறு தடவை அடிச்சிருக்கேன் தைமானே. பதினோரு வாரம் தினமும் அந்த ஃபோல்டரத் திறந்து மூடியிருக்கேன். எனக்கு அது டி.எம்.பி.யாத் தெரியவே இல்ல. நீயாத்தான் தெரிஞ்சுது.

திங்கக்கிழமை கூட்டம் போட்டா மெரிடித். யார் இந்த ஸ்கிரிப்ட ஓட விட்டதுன்னு கேட்டா. நான்னு சொன்னான் டேரில். சொல்லிட்டு என்னப் பாத்தான். நான் பிஸ்கட்டப் பாத்தேன். தட்டுல அஞ்சு பிஸ்கட் இருந்துச்சு. நோட்டுல இருந்துச்சுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லல. எழுதினது இவதான்னு சொல்லல. சாயங்காலமே அவனப் போகச் சொல்லிட்டாங்க. என்னப் பாத்தியா, ஓயாம பேசறவ, அன்னிக்கு மட்டும் வாய் ஒட்டிப் போச்சு. இங்க வந்து உங்கிட்டயும் டேரில் டேரில்னு அரை மணி நேரமா... அவன் இல்ல. நான்தான். நாளைக்குக் காலையில மெரிடித் ரூமுக்குப் போய் இதையே சொல்லுவேன். அவளுக்குச் சொல்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லணும்னு வந்தேன். வந்து என்ன பேசினேன்னு பாத்தேல்ல.

எழுது. என்ன வேணா எழுது. போன்னா போறேன்.

...நிறைய எழுதறே.

"காலையில நீ போன் பண்ணினப்ப ரெண்டு மூணு வாக்கியம் சரியா விழல, திரும்பச் சொல்லணும்னு கேக்க வர்றேன்னு நெனச்சேன். அதுக்காக இன்னிக்கு யார்கூடவும் பேசல."

யார்கூடவுமா? லஃபாய்கிட்டக்கூடவா? காலையில இருந்து ஒரு வார்த்தை கூட... அந்த இருபது நிமிஷத்த அப்படியே வெச்சிருக்கியா?

அடக் கடவுளே.

"மைக் இருக்கா?" கார்ல இருக்கு. எப்பவும் இருக்கும். இரு தைமானே, ஒண்ணு சொல்லிர்றேன், அப்புறம் நீ என்னக் கேக்கக் கூடாது. இப்ப கம்பெனிக்காரங்க நூத்தம்பது வாக்கியம் இருந்தாலே போதும்ங்கறாங்க, அது சரிதான். ஒரு வாரம் பத்து நாள் தினமும் வந்தா எடுத்துரலாம். ஆனா பிப்ரவரியில இருந்த குரல் இல்ல இப்ப. சொல்லெல்லாம் வழுக்கும். அதே வழுக்கலோடதான் அந்த மெஷின் பேசும், காலத்துக்கும். அதுக்குப் பதிலா வேற யாரோட சுத்தமான குரலையோ எடுத்துக்கறவங்களும் இருக்காங்க, அதுல தப்பே...

சரி. சரி, அடிக்கோடு போட வேண்டாம், படிச்சிட்டேன். "வேற குரலுக்கு லஃபாய் திரும்ப மாட்டார்."

போய் எடுத்துட்டு வர்றேன்.

...

அந்த மேசையக் கொஞ்சம் இழுத்துக்கறேன். ஃபிரிட்ஜ் சத்தம் விழும், சுவிட்ச அணைச்சிர்றேன், போறப்ப ஞாபகமாப் போடணும். ஜன்னல் மூடியாச்சு. இந்தக் காத்து இருக்கே... இந்தப் போர்வைய ஜன்னல்ல தொங்க விடறேன், பாதி குறையும். ஃபோல்டருக்குப் பேர் கேக்குது. இல்ல, முழுசாவே அடிக்கறேன். ரகசியம் கிகசியம் எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். மூணு இடத்துல பிரதி. இந்தக் கார்ட நான் துடைக்கப் போறதில்ல, உன் கையிலயே குடுத்துட்டுப் போறேன், நீ தலகாணிக்குக் கீழ வெச்சுக்கோ. மைக் கிட்ட வா. இன்னும். தாடைய நேரா வெச்சுக்கோ. அவசரமே இல்ல. ஒரு வாக்கியம் தப்பாப் போனா போகட்டும், விட்டுட்டு அடுத்தது போ, இருபது நிமிஷத்த வீணாக்காதே. பட்டியல உன் முன்னாடி வெச்சிருக்கேன், மேல இருந்து கீழ. நான் விரலக் காட்டினதும் ஆரம்பி. தண்ணி வேணுமா? ஒரு வாய் குடி. நான் இந்தப் பக்கம் தரையில உக்காந்துக்கறேன், நாற்காலி கிரீச்சுங்கும். மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு. சிவப்பு வெளக்கு தெரியுதுல்ல. அது எரியறப்ப ரூம்ல ஊசி விழக் கூடாது, லஃபாய் வந்தாலும் வாசல்லயே நிறுத்தணும், நான் மறந்தே போனேன் பாரு, அவருக்கு ஒரு போன் போட்டு...

என்ன?

என்ன சொன்னே? பட்டியல்ல முதல் வாக்கியம் அது இல்லியே.

...இல்ல. அழிக்கல. அழிக்க மாட்டேன். தெளிவா விழுந்திருக்கு, என் பேர் உள்பட.

வாய மூடிட்டேன்.